லுசியென் விற்காத வாத்துகள்

சுவரோரம் இருக்கும் அந்த வாத்துகளை நீங்கள் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், ஐயா. கையில் எடுத்துப் பாருங்கள், கனமே தெரியாது. எல்லாம் முருக்கு மரம். இங்கே நூருக் என்பார்கள். இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டியது. வயிற்றுக்கு அடியில் ஈயத் தகடு இருப்பதால் தண்ணீரில் கவிழாமல், நிஜ வாத்து மாதிரி காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு மிதக்கும். மேலே பறக்கும் காட்டு வாத்துகள் அதை நம்பி இறங்கும். நாங்கள் துப்பாக்கியோடு நாணலுக்குள் உட்கார்ந்திருப்போம்.

கரோல் புயலில் நான் செய்த காரியத்துக்குப் பாராட்டுக் கொடுக்கப் போகிறார்கள், அதை என் வாயால் கேட்டு எழுத வந்திருக்கிறேன் என்றீர்கள். லிஸ் உங்களிடம் சொன்னது அவளுக்குத் தெரிந்தவரை உண்மை. புயலின் கண் எங்களைக் கடந்தபோது, இரண்டு காற்றுக்கும் நடுவே எல்லாம் அடங்கியிருந்த நேரத்தில், ஊரே வீட்டுக்குள் இருக்க, நான் மட்டும் அவள் அப்பாவைத் தேடிப் போனேன். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் சமையலறையில் இருக்கிறாள், கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்.

என் அப்பா தோட்டத்தில் கரும்பு வெட்டினார். நான் லாரி வாங்கி, அதே கரும்பை ஆலைக்கு ஏற்றினேன். கையில் நாலு காசு சேர்ந்ததும் நான் முதலில் கேட்டு வாங்கியது துப்பாக்கி உரிமம். தோட்டத்துத் துரைமார்கள் ஞாயிற்றுக்கிழமை சுடும் சதுப்பில், தேர் ரூஜ் ஆறு கடலில் சேரும் இடத்தில், நானும் சுட வேண்டும். அதில் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. துரைமார்கள் தொப்பியைத் தொட்டு பொன்ழூர் என்று ஒரு வணக்கம் சொல்வார்கள். அதற்காகவே பல ஞாயிறு முழங்கால் சேற்றில் நின்றிருக்கிறேன்.

அங்கே ஒரு காலை, தண்ணீரில் வாத்துக் கூட்டம் ஒன்று மேய்வதைப் பார்த்துச் சுட்டேன். ஒன்றும் பறக்கவில்லை. நாணலை விலக்கிக்கொண்டு ஒரு கிழவர் எழுந்து வந்தார். படகுத் தச்சர் லுசியென். குண்டு பாய்ந்த மர வாத்தை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லா சுடறே தம்பி. இதுக்கு மட்டும் உயிர் இருந்திருந்தா செத்திருக்கும்."

அன்றைக்கு வேறு யாராக இருந்தாலும் என்னைத் திட்டியிருப்பார்கள். அவர் தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். அதிலிருந்து நாங்கள் சேர்ந்துதான் போனோம். எனக்கு வாத்து விழாத நாளில் தன்னுடையதில் ஒன்றை என் பையில் போட்டுவிடுவார். நான் அவரை தோந்தோன் என்றுதான் கூப்பிட்டேன், சொந்தச் சித்தப்பனைக் கூப்பிடுவதுபோல.

அந்த வாத்துகளை விலைக்குக் கேட்டேன். அவர் தரவில்லை. வேறு செதுக்கித் தாருங்கள் என்றேன், செதுக்கித் தந்தார். அவை நன்றாக மிதந்தன. ஆனால் காட்டு வாத்துகள் அவற்றின் மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடும்.

"செதுக்கறதுல ஒண்ணுமில்ல மருதை. வர்ணம் அடிச்சது சில்வி. மண்ணெண்ணெயில அடுப்புக் கரியைக் கலந்து, மினுக்கே இல்லாம அடிப்பா. அவ போன பிறகு எனக்கு அந்தக் கை வரல" என்றார்.

சில்வி அவர் மனைவி. நான் தேர் ரூஜுக்கு வருவதற்கு முன்பே இறந்துபோனவள். அவள் அடித்த வர்ணம் இந்த வாத்துகளில் மட்டும்தான் மிச்சம். அது புரிந்தும் நான் கேட்பதை நிறுத்தவில்லை. கூரைக்குத் தகரம் போட்டுத் தருகிறேன் என்றேன். கல் வீடு கட்டித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். ஒருமுறை அவர் மகள் லிஸ் போர்ட் லூயிஸ் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் எதிரில் நான் மறுபடி ஆரம்பித்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் செத்தா எடுத்துக்கோ சாமி. இப்ப என்னைத் தூங்க விடு."

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அந்த வார்த்தையை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பிப்ரவரி கடைசியில் கரோல் வந்தது. அந்தக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு சட்டென்று நின்றது. வெயில் வந்தது. மரங்களில் ஓர் இலை இல்லை. என் மனைவி கண்ணம்மா ஜன்னல் பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, "தோந்தோன் லுசியென் ஒண்டியா இருப்பாரு. மறு காத்து வர்றதுக்குள்ள இங்க கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். நான் உடனே கிளம்பினேன். அப்போது அவரைக் கூட்டி வரத்தான் போனேன். இதை நம்புவீர்களோ இல்லையோ, எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் வீட்டின் கூரை தரையில் படுத்திருந்தது. தண்ணீர் கணுக்கால் அளவு.

"யாரு?"

"நான்தான், மருதை."

"வந்துட்டியா. கால் உத்தரத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு. ஒடையல, விரலை அசைக்க முடியுது. வாசல் பக்கம் கடப்பாறை கிடக்கும் பாரு. ஒரு நெம்பு நெம்பினா வந்துடுவேன்."

கடப்பாறை அங்கேதான் கிடந்தது. எடுத்தேன். நிமிரும்போது, சாயாமல் நின்ற ஒரே தூணில் வாத்துச் சாக்கு தொங்குவதைப் பார்த்தேன்.

"முதல்ல வாத்துங்களைக் கரையேத்திடறேன், தோந்தோன். தண்ணி அடிச்சிக்கிட்டுப் போயிடும்."

"அதுங்க மிதக்கும்டா. எனக்குத்தான் மிதக்கத் தெரியாது."

"இதோ வந்துடறேன்."

அவர், "சரி, கடப்பாறையையாவது இப்படித் தள்ளிட்டுப் போ. கை ரெண்டும் சும்மாதான் இருக்கு, நானே பார்த்துக்கறேன்" என்றார்.

சாக்கு கனமில்லை. ஆனால் பெரிது, கையில் அடங்கவில்லை. தோளில் போட ஒரு கோல் வேண்டியிருந்தது. கடப்பாறையின் நுனியில் சாக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் கேட்டது என் காதில் விழவில்லை என்று உங்களிடம் சொல்லலாம் என்று இருந்தேன். விழுந்தது.

பக்கத்திலேயே பழைய சுண்ணாம்புச் சூளை இருக்கிறது. கருங்கல் கட்டடம், எந்தக் காற்றுக்கும் அசையாது. உள்ளே போய்ச் சாக்கை அவிழ்த்து வாத்துகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். எதற்கும் சேதமில்லை. சட்டையைக் கழற்றித் துடைத்தேன். முதுகில் மூக்கைச் செருகித் தூங்கும் வாத்து ஒன்று இருக்கிறது பாருங்கள், அந்த மூலையில். அதன் கழுத்தில் சில்வி அடித்த பழுப்பு நிறத்தை அவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை.

காற்றே இல்லாததால் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். "மருதை, வாத்துங்களுக்குத் தலை துவட்டி விடறியா?" அப்போது நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பிறகு என் பெயரை மட்டும் கூப்பிட்டார். அதற்கப்புறம் லிஸ், லிஸ் என்றார்.

வெயில் சாயும்வரை கூப்பிட்டார். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வந்தது.

இருட்டுவதற்குள் சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். "நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்று கண்ணம்மாவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. காற்று ஓய்ந்த பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அவரைச் சேற்றிலிருந்து எடுத்ததும் நான்தான். லிஸ் நடந்தே வந்து சேர்ந்தாள். "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"நான் போனப்பவே உயிர் இல்லம்மா. வாத்துங்க சேத்துல கிடந்துது, பொறுக்கி வெச்சேன்."

அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்களே வெச்சிக்கோங்க. அப்பா சொன்னாருல்ல" என்றாள்.

அவளுக்கு வீடு இல்லை. கண்ணம்மா அழைத்து வந்து இந்த அறையில் படுக்க வைத்தாள். தினமும் காலையில் ஈரத்துணியால் வாத்துகளைத் துடைக்கிறாள். நேற்று ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேத்துல கிடந்த அடையாளமே இல்ல தோந்தோன். அம்மா எப்படி வர்ணம் அடிச்சிருக்கா பாருங்க" என்றாள். நீங்கள் இன்று வராமல் இருந்திருந்தால் நானே உங்களைத் தேடி வந்திருப்பேன். வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்பீர்கள். பயந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள், வானம் அவ்வளவு தெளிவாக இருந்தது. நேரம் போதவில்லை என்றும் எழுத வேண்டாம். நான் போய்வந்து, மறுபடி ஒருமுறை போகவும் நேரம் இருந்தது. அவர் உயிரோடு வெளியே வந்தால் வாத்துகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடப்பாறையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு, நான் அந்தச் சூளைக்குள் காற்று வருவதற்காகக் காத்திருந்தேன்.