அளவெடுத்து வாங்குங்கள் புத்தகத்தை!

அறிவும் அன்பும் ஒருங்கே அமைந்த அவைத்தலைவர் அவர்களே! பேச வருகிறவர்களுக்குத் தண்ணீரும் வைத்துவிட்டு, பேச்சு நீண்டால் அடிப்பதற்கு மணியும் வைத்திருக்கும் செயலாளர் அவர்களே! நூலகத்தின் அரங்கை நமக்காகத் திறந்துவிட்ட நூலகர் அம்மையாரே! வீட்டுக் கூடத்தையே வகுப்பறையாக்கி, அடுப்பங்கரையிலிருந்தே அல்ஜீப்ரா நடத்தும் அருமைத் தாய்மார்களே! அந்தத் தாய்மார்கள் சொன்னதற்கெல்லாம் "சரி" சொல்லிச் சொல்லிச் சலித்து, பின்வரிசையில் பாதி உறக்கத்தில் இருக்கும் தந்தைமார்களே! வீட்டிலேயே படித்தாலும் விடுமுறையை மட்டும் விடாமல் கேட்கும் என் செல்வங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

என்ன ஐயா, சத்தம் அதிகமா? ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டேன். தொழில் அப்படி. மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை. நான் கூப்பிட்டால் எதிர்ச்சாரி மருந்துக் கடையில் நிற்பவரும் ஓடி வருவார். இந்தக் குரலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் இதற்கும் வேலை இருக்கிறது.

"வளரிளம் பிள்ளைக்கு வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கப் புத்தகமும் பாடமும் தேர்ந்தெடுப்பது எப்படி?" எனக்குத் தந்த தலைப்பு இது. எப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு பட்டமே கொடுக்கலாம். அந்தப் பட்டத்துக்கு உரியவர் மூன்றாவது வரிசையில், சாம்பல் நிறக் கோட்டில், கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். என் வீட்டுக்காரர், தையல்காரர். ஏங்க, கூரையில ஒண்ணும் எழுதல, இங்க பாருங்க!

தையல் என்றால் தையல், அப்படி ஒரு தையல்! ஆனால் குழந்தைகளுக்குத் தைக்கும்போது மட்டும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அளவுக்குத் தைக்கவே மாட்டார். "வளர்ற உடம்பு, ஒரு சைஸ் பெருசா இருக்கட்டும்" என்று கையிலும் காலிலும் துணியை உள்ளே மடித்து விட்டுவிடுவார். எங்கள் மகள் பிறந்ததிலிருந்து ஒரு சட்டைகூட அவளுக்குச் சரியாக இருந்ததில்லை. அளவு சரியாகிற நாளில் சட்டை நைந்து போயிருக்கும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை.

எங்கள் மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்கு என் அண்ணன் வைத்த செல்லப் பெயர் சமத்து. எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். சாப்பிட்டியா? தலையாட்டுவாள். படிச்சியா? தலையாட்டுவாள். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று ஊரே மெச்சியது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் மளமளவென்று சரிந்தது. "கவனிக்கிறதே இல்ல" என்றார்கள் பள்ளியில். எதற்கும் பார்த்துவிடுவோமே என்று நான் வேலை செய்யும் இடத்திலேயே காது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். இடது காது கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. எத்தனை காலமாக என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

பெற்றவளுக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். என் தொண்டையைக் கேளுங்கள்! நான் வீட்டில் பேசினால் சுவருக்கே கேட்கும். என் மகளுக்குக் கேட்காமல் இருக்குமா? ஆனால் வகுப்பில் மின்விசிறி கடகடக்க, நாற்பது பிள்ளைகள் சலசலக்க, ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் அவளுக்கு என்ன கேட்கும்?

"ஏன்டி கண்ணு, கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"கேக்கலன்னு சொன்னா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்கம்மா. தலையாட்டினா யாரும் பாக்குறதில்ல" என்றாள்.

அந்த வாரமே பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைப்பது என்று முடிவெடுத்தோம். என் அண்ணன் குதித்தார். அந்தப் பள்ளியில் இடம் வாங்கித் தந்தவரே அவர்தான். கடைசியில், "சரி தங்கச்சி, ஒரு வருஷம் பாருங்க. வருஷக் கடைசியில ஒன்பதாவது பரீட்சையைத் தனியா எழுதட்டும். தேறலன்னா அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பு. சம்மதமா சமத்து?" என்றார். அவள் தலையாட்டினாள். அவர் படியிறங்கியதும் பள்ளிப் பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்கம்மா." அவ்வளவுதான் அவள் கேட்டது. அந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றத்தான் நாங்கள் புத்தகம் வாங்கக் கிளம்பினோம்.

கிளம்பியவர் யார்? தையல்காரர் ஆயிற்றே! கடைக்காரர் ஒன்பதாம் வகுப்புக் கணக்கை எடுத்து வைத்தார். இவர் புரட்டிப் பார்த்தார். "வளர்ற பிள்ளை. ஒரு சைஸ் பெருசா குடுங்க." வந்தது பதினொன்றாம் வகுப்புக் கணக்கு! வந்தது போட்டித் தேர்வுக்கான அறிவியல்! வந்தது தலையணை கனத்தில் ஓர் இலக்கணம்! ஆட்டோவில் அவருக்கு இடமில்லை. புத்தகங்கள் உட்கார்ந்து வந்தன.

என்னைப் பற்றிச் சொல்லவில்லையே என்கிறீர்களா? வருகிறேன். கணினியில் பார்க்கும் காணொளிப் பாடங்கள் என் பொறுப்பு. ஒரு மாதிரிப் பாடத்தைப் பார்த்தேன். அந்த ஆசிரியர் நடந்தார், நடித்தார், பலகை முழுக்க வண்ணக் கோலம் போட்டார். எனக்கே இயற்பியல் புரிகிற மாதிரி ஒரு மயக்கம் வந்து, உடனே சேர்த்துவிட்டேன். படிக்க வேண்டியவளை உட்கார வைத்து அந்த மாதிரிப் பாடத்தைக் காட்டினேனா? காட்டவில்லை. மாப்பிள்ளை போடும் சட்டைக்கு மாமனார் போய் அளவு கொடுத்துவிட்டு வந்த கதைதான்!

பிறகு பாடம் தொடங்கியது. "புரிஞ்சுதா கண்ணு?" தலையாட்டினாள். "அடுத்த பாடம் போகலாமா?" தலையாட்டினாள். பதினொன்றாம் வகுப்புக் கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பரபரவென்று முடிக்கிறாள். இவருக்குத் தலை கால் புரியவில்லை. கடைக்கு வரும் வாடிக்கையாளர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். ஏங்க, பீற்றிக்கொண்டீர்களா இல்லையா? பாருங்கள், அவரும் தலையாட்டுகிறார்!

ஒருநாள் வேலை முடிந்து அவர் கடைக்குப் போனேன். ஒரு பெரியவர் புதுக் கோட்டுக்கு டிரயல் பார்க்க வந்திருந்தார். போட்டுக்கொண்டு கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பி, "பிரமாதம், கச்சிதம்!" என்றார். இவர் சிரிக்கவில்லை. "கையைத் தூக்குங்க" என்றார். அவர் தூக்கினார். கோட்டு மொத்தமும் மார்புக்கு ஏறிக்கொண்டது. அக்குளில் தையல் விண்ணென்று இழுத்தது.

என்னைப் பார்த்து இவர் சொன்னார்: "சரியா இருக்கான்னு கேக்கவே கூடாது. கேட்டா, நம்ம மனசு நோகக் கூடாதுன்னு தலையாட்டிடுவாங்க. கையைத் தூக்கச் சொன்னாத்தான் உண்மை தெரியும்."

தலையாட்டிவிடுவார்கள்! அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் எங்கள் மகளின் தலைதான் கண்முன் ஆடியது. என் குரல் எழும்பியது. "ஏங்க! வர்றவங்க போறவங்களையெல்லாம் கையைத் தூக்கச் சொல்ற மனுஷன், பெத்த பொண்ணை ஒரு நாளாவது சொன்னீங்களா? புரிஞ்சுதா புரிஞ்சுதான்னு தானே ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருக்கோம்!"

கத்தரிக்கோல் அவர் கையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெரியவர்தான் மெதுவாகக் கேட்டார், "அம்மா, நான் கையை இறக்கிக்கலாமா?"

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தோம். இவர் மகளின் வலப்பக்கம் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி மூடினார். "இதுல என்ன சொல்லியிருக்குன்னு அப்பாவுக்குச் சொல்லு." அவள் தலையாட்டினாள். "தலையாட்ட வேண்டாம் கண்ணு, வாயைத் திறந்து சொல்லு." பேச்சே இல்லை. அறிவியலைத் திறந்தார். பேச்சே இல்லை. பரணிலிருந்து பழைய பள்ளிப் புத்தகங்களை இறக்கினார். ஒன்பது? இல்லை. எட்டு? இல்லை. ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்கைத் திறந்தபோதுதான் என் மகள் வாய் திறந்தாள். சொன்னாள், தடுமாறினாள், திருத்திக்கொண்டு மறுபடி சொன்னாள். சொல்லி முடித்ததும் புத்தகத்தின் அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"ஏழாவதுப்பா. அசிங்கமா இருக்கு."

"இதுல உனக்கென்ன அசிங்கம்? அளவு தப்பா எடுத்தா தையல்காரனுக்குத்தான் அசிங்கம்" என்றார் அவர்.

அப்போது அவள் உடைந்தாள். "எனக்குப் புரியலப்பா. ரொம்ப நாளா எதுவுமே புரியல."

தாய்மார்களே! உங்கள் பிள்ளை "புரியவில்லை" என்று அழுதால் நீங்கள் பதறுவீர்கள். நான் பதறவில்லை. அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நோய் இன்னதென்று தெரியாதவரைக்கும்தான் பயம். தெரிந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும் என்பதை வரவேற்பில் உட்கார்ந்து நான் தினமும் பார்க்கிறேன். அன்றைக்கு என் வீட்டில் பார்த்தேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன், ஆனால் எவ்வளவோ நாளுக்குப் பிறகு மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அதன் பிறகு எப்படித் தேர்ந்தெடுத்தோம்? இதோ இந்த நூலகத்துக்குத்தான் வந்தோம். அதோ அந்த ஜன்னலோர மேசையில் நூலகர் அம்மையார் ஒரே பாடத்துக்கு ஐந்தாறு புத்தகங்களைப் பரப்பி வைப்பார். முதல் பக்கத்தை எவனும் அழகாகத்தான் எழுதுவான், நடுப்பக்கத்தைத் திற! படி! மூடு! சொல்! கடகடவென்று ஒப்பித்தால் அந்தப் புத்தகம் சின்னது. வாயே திறக்கவில்லை என்றால் பெரியது. ஒன்றிரண்டு இடத்தில் தடுக்கினால் அதுதான் அவள் அளவு. தடுக்குகிற அந்த இடம்தான் வளர்வதற்கு மடித்து விட்ட துணி. மடிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுத் துணியையும் மடித்துத் தைத்தால் பிள்ளை எங்கே நுழைவது?

காணொளிப் பாடங்களை அவளே பார்த்தாள், சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு! எனக்குப் பிடித்த அந்த நடிகர் ஆசிரியர் முதல் நிமிடத்திலேயே வெளியேற்றப்பட்டார். "இவரு முதுகைத்தாம்மா காட்டுறாரு. வாய் அசையறதே தெரியல" என்றாள். அவள் எடுத்தது ஆர்ப்பாட்டம் இல்லாத ஒரு டீச்சரை. நேரே நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார், கீழே எழுத்தும் ஓடும். எனக்கு அந்த அம்மாவைக் கண்டால் கொட்டாவி வருகிறது. வந்தால் என்ன? நானா பரீட்சை எழுதப் போகிறேன்?

"அக்கா, தேறினாளா?" என்று அங்கே ஒரு தங்கை கேட்கிறாள். ஏம்மா, முடிவை முதலில் படிக்கிற பழக்கமா உனக்கு? சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் ஆரம்பித்தவள் வருடத்துக்குள் ஒன்பதை எட்டிப் பிடித்தாள். தேர்வு எழுதினாள். தேறினாள்! முதல் மதிப்பெண் இல்லை. கணக்கில் மயிரிழையில் தப்பினாள். ஆனால் தேறினாள்!

கை தட்டாதீர்கள், கதை இன்னும் முடியவில்லை. முடிவு வந்த அன்று அண்ணன் வந்தார். உட்கார்ந்தார். பழைய பழக்கத்தில், "என்ன சமத்து, எல்லாப் பாடமும் புரிஞ்சு தானே எழுதின?" என்றார். நாங்கள் இருவரும் அவள் தலையையே பார்த்தோம். அந்தத் தலை அசையப் போகிறதா?

"இல்ல மாமா" என்றாள். "வடிவியல் இன்னும் சரியாப் புரியல. இந்த வருஷம் முதல்ல அதைத்தான் எடுக்கப் போறேன். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லிக் குடுங்களேன்."

அண்ணன் திகைத்துப்போனார். பிறகு பரணை அண்ணாந்து பார்த்து, "அந்தப் பை அங்கேயே இருக்கட்டும் தங்கச்சி" என்றார். வடிவியலைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை!

பெற்றோரே! பெருமக்களே! வெளியே வராந்தாவில் கண்ணைப் பறிக்கும் புத்தகக் கடைகள். வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் யாருக்காக வாங்குகிறீர்கள்? பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்கா? நாம் படிக்காமல் விட்டதைப் பிள்ளை தலையில் கட்டுவதற்கா? புத்தகம் பிள்ளைக்காகவா, பிள்ளை புத்தகத்துக்காகவா? அளவு பெரிய சட்டையில் பிள்ளை தடுக்கி விழும். அளவு பெரிய புத்தகத்தில் பிள்ளை ஓசையில்லாமல் காணாமல் போகும். அதனால்தான் சொல்கிறேன்...

மன்னியுங்கள், என் குரலே இறங்கிவிட்டது. சொல்லவந்ததை மெதுவாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

என்னம்மா? முதல் வரிசையில் யார் அங்கே கையைத் தூக்குவது? உங்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்லிவிடுகிறேன். "அம்மா, கடைசியாச் சொன்னது கேக்கல. இன்னொரு தடவை சொல்லு" என்கிறாள் என் மகள்.

அரங்கமே திரும்பிப் பார்க்கிறீர்களே! பாருங்கள். நன்றாகப் பாருங்கள். இத்தனை பேர் பார்த்தும் அவள் இன்னும் கையை இறக்கவில்லை.

சொல்கிறேன் கண்ணு, நீ கேட்டால் நூறு தடவை சொல்கிறேன். புரிந்ததா என்று பிள்ளையைக் கேட்காதீர்கள், கையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்! இப்போ கேட்டுச்சா?

கேட்டுச்சாம்! செயலாளர் ஐயா, இனி மணியடியுங்கள். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், புத்தகம் பரப்பிய நூலகருக்கும், தப்பான அளவைத் தானே பிரித்துத் தைத்த என் தையல்காரருக்கும் நன்றி கூறி, உங்கள் பிள்ளைகள் எல்லோரும் தத்தம் அளவில் தழைக்க வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்!