ஆறாவது பெண்ணின் நேர்காணல்

எங்கள் வீட்டில் யாருடைய படிப்புக்கும் நான் குறுக்கே நின்றதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தம்பி இறந்த பிறகு அவன் மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்ததும், அவள் விடுதி அறைக்குப் படுக்கையைச் சுமந்துகொண்டு மாடி ஏறியதும் நான்தான். சமூகவியலில் முதுகலை என்றாள். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உறவில் பலர் கேட்டார்கள். வேலைக்காகப் படிக்கும் நிலையில் எங்கள் வீட்டுப் பெண்கள் இல்லை என்று பதில் சொன்னேன்.

முதல் ஆண்டில் அவள் விடுமுறைக்கு வந்தால் வீடு கலகலப்பாக இருக்கும். சாப்பாட்டு மேசைக்குப் பேனாவோடு வருவாள்.

"பெரியப்பா, இந்த வீட்டுல யார் முதல்ல சாப்பிடறாங்க, ஏன்? இதைக் கவனிச்சு எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க எங்க கைடு."

"பசிக்கிறவன் முதல்ல சாப்பிடறான். இதுக்கு ஒரு பட்டம் வேறயா?"

"அப்போ அம்மாவுக்கு இருபது வருஷமா பசியே எடுக்கலை. குறிச்சுக்கறேன்."

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் தங்கையும் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். உடனே இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

தங்கை அதே பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைப் படித்தவள். முடிக்கவில்லை. உடன் படித்த ஒரு பையனோடு பழக்கம் ஏற்பட்டது. நாங்கள் சம்பந்தம் வைத்துக்கொள்ளக்கூடிய இடம் இல்லை அது. அப்பா படுக்கையில் இருந்தார். முடிவெடுக்க வேண்டியவன் நான். ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டுப் போ என்று அழைத்துவந்து மாடி அறையைக் கொடுத்தேன். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றினேன். நானே மாற்றினேன், தச்சரை அழைத்திருந்தால் அவர் நாலு இடத்தில் பேசியிருப்பார். மின்துறையில் கண்காணிப்பாளனாக இருந்தவனுக்கு நாலு திருகாணி ஒரு வேலையா.

அந்த ஒரு வாரம் நான்கு வருடமாக நீண்டது. அந்தப் பையன் வாசலுக்கு வந்து கேட்டபோது, அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். அவளிடம் போய், அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். இரண்டு பேரும் அமைதியாகிவிட்டார்கள். இரண்டுமே பொய் என்று பின்னாளில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சுவர் கொஞ்சம் ஈரம் வாங்கும். அதனால்தான் இழுப்பு வந்தது என்று ஒரு டாக்டர் சொன்னார். டாக்டர்கள் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். தாழ்ப்பாளை எடுத்த பிறகும் அவள் அந்த அறையிலேயே இருந்துகொண்டாள். அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை.

இரண்டாம் ஆண்டில் தம்பி மகளுக்கு ஆய்வேடு எழுத வேண்டி வந்தது. மேல்படிப்பைப் பாதியில் விட்ட பெண்களைச் சந்தித்துப் பேசி எழுதுவதாகத் திட்டம். ஒத்துக்கொண்ட பெண்களில் சிலர் பின்வாங்கிவிட்டார்கள். மீதி ஐந்து பேர். முகம் சுருங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஆறு பேராவது இல்லைன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு கைடு சொல்லிட்டாங்க, அத்தை. அவ்வளவுதான், என் கூடப் படிக்கிறவங்க எல்லாம் போயிடுவாங்க. நான் மட்டும் பூதம் மாதிரி நூலகத்தைக் காக்கணும்."

"எதுக்குக் காக்கணும்? நானும் பாதியில விட்டவதானே. என்னைக் கேளு."

இருவரும் மாடி அறையில் உட்கார்ந்து ஒரு பிற்பகல் முழுக்கப் பேசினார்கள். நான் படியில் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று எழுத வேண்டாம், அது என் வீட்டுப் படி. தங்கை அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. தாழ்ப்பாள், தொட்டி, இரண்டு கல்யாணப் பொய்கள், எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னாள். பொய்யாக ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் மறுத்திருப்பேன். அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

இறங்கிவந்த பெண்ணின் கண் சிவந்திருந்தது. என்னை நேராகப் பார்க்காமல் பேசினாள்.

"பேர் போட மாட்டோம், பெரியப்பா. ஆறாவது பெண்ணுன்னுதான் வரும்."

"மாடி வீடு, மின்துறையில அண்ணன், பாதியில நின்ன தங்கை. இதுக்கு மேல பேர் எதுக்கும்மா? நம்ம சொந்தத்துல ரெண்டு பிள்ளைங்க அங்கதான் படிக்குது."

"அத்தை வேண்டாம்னு சொன்னா ஒரு வரிகூட எடுக்க முடியாது. எழுதினதை சனிக்கிழமை கொண்டுவந்து அவங்களுக்குப் படிச்சுக் காட்டுவேன். அவங்க சரின்னு சொன்னாத்தான் உள்ள போகும். அதுதான் எங்க முறை. நீங்க சொல்லி நான் நிறுத்த முடியாது."

நல்ல முறை என்றுதான் எனக்குப் பட்டது. தீர்ப்பு அந்நியர் கையில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. புதன்கிழமை தங்கையிடம் பேசினேன்.

"சனிக்கிழமை அவ வந்ததும் வேண்டாம்னு சொல்லிடு."

"நான் சொன்னதுல பொய் ஏதாவது இருக்கா அண்ணா?"

"பொய்னு யார் சொன்னா? வெளியில போகணுமான்னு கேக்கறேன். நம்ம குடும்பம் தலை நிமிர்ந்து நடக்கிற குடும்பம்."

"இத்தனை வருஷத்துல என்ன ஆச்சுன்னு என்னை ஒருத்தர் கேட்டதில்லை. அந்தப் பொண்ணு கேட்டா. சொன்னேன். அவ படிப்பாவது முடியட்டும்."

ஒரு விஷயத்தை இரண்டாம் முறை கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அலுவலகத்திலும் அப்படித்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே என்னிடம் வந்தாள். "அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அன்று தம்பி மனைவி பல் டாக்டரிடம் போயிருந்தாள். தங்கை மாடி வராந்தாவில் பழைய பெட்டிகளை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். தூசி அவளுக்கு ஆகாது. செய்யாதே என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு இன்ஹேலர், கூடத்து அலமாரியில் ஒன்று, எப்போதும் இருக்கும். இரண்டையும் எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் படியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்தாள். அலமாரியில் தேடினாள். மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். தொலைபேசி என் நாற்காலிக்கு இந்தப் பக்கம் இருந்தது. என்னிடம் ஏதோ கேட்கத் திரும்பியவள், என் சட்டைப் பையைப் பார்த்தாள். பார்த்த பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. எல்லாம் அடங்கும் வரை கூடவே இருந்தேன். அவள் தனியாகப் போகவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தது நான்தான், அதன் பிறகு.

அந்த இன்ஹேலர்களை எங்காவது எறிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். ஒளித்துவைப்பது திருடர்கள் பழக்கம். துவைக்க எடுத்த சட்டையில் தம்பி மனைவி அவற்றைப் பார்த்தாள், மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்தப் பெண் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உண்மையை நேராகச் சொல்லும்படிதான் அவளை வளர்த்தோம்.

நேற்று உங்கள் அனுமதியோடு அவள் என்னைப் பார்க்க வந்தாள். இளைத்திருந்தாள். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"அத்தை பகுதி இல்லாமத்தானே?" என்று கேட்டேன்.

"அதோடதான். வியாழக்கிழமை அத்தை விடுதிக்கு போன் பண்ணினாங்க. சனிக்கிழமை வரைக்கும் வேண்டாம், இப்பவே படின்னாங்க. முழுசும் படிச்சேன். சரின்னு சொல்லிட்டாங்க. சில இடங்களை மட்டும் மாத்தச் சொன்னாங்க."

"எதை?"

"'அண்ணன்'னு வர்ற இடத்துல எல்லாம் 'வீட்டார்'னு போடச் சொன்னாங்க. மின்துறை, மாடி, தொட்டி எல்லாத்தையும் எடுத்துடச் சொன்னாங்க. 'அவர் தலை நிமிர்ந்து நடந்தவர்டி, அது அப்படியே இருக்கட்டும். நானே அவர்கிட்ட சொல்லிடறேன்'னாங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சொன்னாங்களா, பெரியப்பா?"

அவள் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். தங்கை கடைசியில் என் பக்கம்தான் நின்றிருக்கிறாள். குடும்பத்தின் பெயர் கெடக்கூடாது என்பதில் எங்களுக்குள் வேற்றுமை இருக்கவில்லை, வழிதான் வேறு. நான் எடுத்த முடிவு அவளுக்கும் உடன்பாடாகவே இருந்திருக்கும்.

ஆம், என் தங்கையை நான்தான் கொன்றேன். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தடையில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது நாலு பேர் கண்ணில் படப்போகும் தாள். 'அண்ணன்' என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தை அடித்துவிட்டு, அவள் விருப்பப்படியே 'வீட்டார்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.