சின்னவன் வைத்த மெஷின்

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரின் விசிறி இவ்வளவு சத்தம் போடக் கூடாது. உள்ளே தூசி அடைத்திருக்கிறது. யாரையாவது விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெயில் காலத்தில் கழுத்தறுத்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து அறையில் என் தம்பி, "நான்தான் ப்ராசஸரைச் சரியா அழுத்தலை" என்று உங்கள் ஆட்களிடம் அழுதுகொண்டிருக்கிறான். அது தப்பு. அவன் சரியாகத்தான் பொருத்தியிருந்தான். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஸ்லாட்டைத் தேர்ந்தெடுத்ததுதான் அவன் செய்த தவறு.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரைப் போர்டில் பொருத்த இரண்டு வழிகள் உண்டு. சாக்கெட்டில் அது தட்டையாகப் படுத்திருக்கும். அடியிலுள்ள ஊசிகள் துளைகளில் இறங்கியதும் ஒரு சின்ன லீவரை அழுத்திப் பூட்டிவிடலாம். பிறகு பெட்டியை உருட்டினாலும் அசையாது. ஸ்லாட்டில் ப்ராசஸர் ஒரு கேசட்டுக்குள் இருக்கும். அலமாரியில் புத்தகம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். கனமான விசிறி ஒரு பக்கமாக அதை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு ஓரத்திலும் உள்ள பிளாஸ்டிக் தாங்கிகள்தான் அதைப் பிடித்து வைக்கின்றன.

ஆஸ்பத்திரிக்கு மெஷின் செய்யும்போது எங்கள் கம்ப்யூட்டர் கடையில் இதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஸ்லாட்டில் ஊசி வளையும் பயம் இல்லை, கழற்றி மாட்டுவது சுலபம் என்றான் அவன். நாள்பட்டால் கழன்றுவிடும் என்றேன் நான். கல்லாவில் இருந்த அப்பா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சின்னவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இப்படித்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு ஸ்லாட் மெஷின் போனது. எல்லா அறைகளின் இதயத்துடிப்பும் நர்ஸ் மேஜையிலுள்ள அந்தத் திரையில் தெரியும். துடிப்பு தப்பினால் மணி அடிக்கும். மணி அங்கே மட்டும்தான்.

நான் சொன்ன மாதிரி ப்ராசஸர் கழன்றுகொள்ளவில்லை. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் தம்பியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

தூசி தட்டப் போகிற முறை எனக்கு வந்தது. இரண்டு தாங்கிகளையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கேசட்டை ஒரு மயிரிழை மேலே தூக்கிவிட்டேன். சாக்கெட்டில் இதைச் செய்ய முடியாது. லீவரைத் தூக்கினால் அப்போதே நின்றுவிடும், அங்கேயே மாட்டிக்கொள்வோம். ஸ்லாட் அப்படியில்லை, அரைகுறையாக நின்றுகொண்டே ஓடும். எப்படியும் ஒருநாள் நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன், அவ்வளவுதான்.

இதற்கிடையில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் வந்தது. வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாமே என்று நான் சொன்னேன். அம்மாவைக் கேளுங்கள், சொன்னேன்.

"நம்ம சின்னவன் மெஷின் இருக்கற இடத்த விட்டுட்டு வேற எங்கடா போறது?" என்றார் அப்பா.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மத்தியானம் நான்தான் துணைக்கு இருந்தேன். தரை துடைக்க வந்த அம்மாள் மேஜைக்கு அடியிலிருந்த பெட்டியைக் காலால் தள்ளினாள். திரை கறுத்தது. நான் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கொஞ்ச நேரம் தொடலேன்னா அதுவா அணைஞ்சுக்கும் சார். உங்க தம்பிதான் சொல்லிக் குடுத்தார்."

திரை தூங்குவதற்கும் மெஷின் சாவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் எப்போதும்போல் சட்டைப்பையில் இருந்தது. மூடியைத் திறந்து கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். ஆனால் திறந்தால் தாங்கிகள் இல்லாதது தெரிந்துவிடும். அதோடு, தம்பி அந்த நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவனே வந்து, அப்பா இருக்கிற இடத்தில், தன் மெஷின் செத்துக் கிடப்பதைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

"அப்படியா, சரி" என்று நர்ஸிடம் சொன்னேன்.

அப்பா அறைக்கதவு பாதி திறந்திருந்தது.

"யாரு, சின்னவனா?" மூச்சு வாங்கியது அவருக்கு.

"இல்லப்பா, நான்தான்."

"அவன் வந்தா உள்ள அனுப்பு."

உதடு கொஞ்சம் நீலமாக இருந்த மாதிரி பட்டது. வைத்தியம் என் துறை இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கீழே வாசலுக்குப் போய் டீ வாங்கிக் குடித்தேன். தம்பி அன்றைக்குப் பார்த்து ஏதோ ரிப்பேரில் மாட்டிக்கொண்டான். அவன் வரும் வரைக்கும் நான் மேலே போகவில்லை. வந்ததும் இருவரும் சேர்ந்துதான் போனோம். கதவைத் திறந்தவன் அவன். அப்பாவின் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

தாங்கிகளைக் கழற்றியது நான். மெஷின் நின்றது தெரிந்தும் வாயைத் திறக்காதவன் நான். கதவைச் சாத்தியதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், தம்பியை விட்டுவிடுங்கள். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அம்மாவை வைத்துக்கொண்டு, அண்ணன் சொன்னதுதான் சரி என்று ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லட்டும். எனக்கு அது போதும்.