மூடாத டிஸ்க்

– கத்தாதட்டி டின்சி, மெதுவாப் பேசு. உங்கப்பா ஏலக்காய் ஸ்டோர்லதான் நிக்காக, காதுல விழுந்துரும்.

– நான் எங்கம்மா கத்துனேன்? டிஸ்க் காலின்னு சொல்லாதீங்கன்னுதான் சொன்னேன். இதுல நிறைய இருக்கு.

– குவைத்துல நான் வேலை பாத்த வீட்டுப் பிளேயர்ல போட்டா, டிஸ்க்கே இல்லைன்னுல்லா எழுதிக் காட்டும்?

– காட்டத்தான் செய்யும். அப்பா ரெக்கார்டர்ல பதிஞ்சுட்டு கடைசில பைனலைஸ் பண்ணவே இல்ல. அதாவது, டிஸ்க்கை மூடல. மூடாத டிஸ்க் பதிஞ்ச மெஷின்ல ஓடும், மத்த பிளேயர் திணறும்.

– அந்த அரபி வீட்டம்மா பழசுன்னு தந்த ரெக்கார்டரை நான்தான் பார்சல்ல போட்டு அனுப்பினேன். இங்க பனியில பூஞ்சை புடிச்சு அதுவும் செத்துப் போச்சு.

– அதான் லேப்டாப்புல பாக்கோம். ஆமா, நீங்க இதைப் பாத்துட்டீங்கன்னுதானே அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு?

– பாக்கல.

– அம்மா!

– ஒன் புதுநன்மையை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லட்டி. ஒன்பது வயசுப் புள்ள வெள்ளைக் கவுன் போட்டு, கோயில்ல முதமுதலா நன்மை அப்பம் வாங்குறா, பெத்தவ கடல் கடந்து பாத்திரம் தேய்க்கேன். அங்க வர்றவங்க கையில டிஸ்க்கைக் குடுத்தனுப்பிட்டு, போன்ல உங்கப்பா என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேக்காக, ‘பாத்தியா மதலே, பாத்தியா மதலே’ன்னு. ஓடலைன்னு சொன்னா அந்த மனுசன் சோறு திங்காது. பாத்தேன்னு சொல்லிட்டேன்.

– சொன்னதோட நிறுத்துனீங்களா?

– எங்க விட்டாக! என்ன பாத்தேன்னு கேட்டாக. புள்ள மோட்சத்துச் சம்மனசு கணக்கா இருந்தா, நீங்க மீசையை முறுக்கிக்கிட்டுப் பக்கத்துல ராசா கணக்கா நின்னீங்கன்னு அடிச்சு விட்டேன்.

– அடேயப்பா! நேர்ல பாத்த மாதிரில்ல சொல்லியிருக்கீங்க.

– சிரிக்காதட்டி. நாளைக்கு ஒன் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. அவங்களுக்குப் போட்டுக் காட்டணும், நீ பாத்ததுதானே, எந்த டிஸ்க்குன்னு எடுத்து வைன்னு உங்கப்பா சொல்லுதாக. இத்தனை வருசம் கழிச்சு மாட்டிக்கிட்டா எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிப்பேன்?

– இருங்க. இதுக்குள்ள ஒரே ஒரு பெரிய ஃபைல்தான் இருக்கு. பேருக்குப் பின்னால வி.ஆர்.ஓ.ன்னு ஒரு வால்.

– அது என்னட்டி பேரு?

– வீட்டு ரெக்கார்டர் வைக்கிற பேரு. பதிஞ்சதையெல்லாம் தனித்தனியா வைக்காது. பூ கட்டுற மாதிரி ஒண்ணோட ஒண்ணு சேத்து வச்சிரும். க்ளிக் பண்ணா, இதை எதை வச்சுத் திறக்கன்னு லேப்டாப் நம்மளையே கேக்குது. உள்ள இருக்கது சாதா வீடியோதான். ஒரு காப்பி எடுத்து, வாலை எம்.பி.ஜி.ன்னு மாத்துறேன்.

– மாதாவே, கெட்டுக் கிட்டுப் போயிராம...

– காப்பியிலதாம்மா மாத்துறேன். இந்தா, ஓடுது!

– ஏட்டி... அது நீயாட்டி? என் செல்லமே, பூக்கிரீடம் சரிஞ்சு கெடக்கு பாரு. யாரு வச்சு விட்டா?

– அப்பாதான். ஊக்கு குத்தி நான் அழுதுட்டேன்.

– நான் இருந்திருந்தா நேரா வச்சு விட்டிருப்பேன்.

– அழாதீங்கம்மா. இப்பப் பாத்துட்டீங்கல்ல.

– சரி, பக்கத்துல வழுவழுன்னு மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கது யாரு? கோயில் உபதேசியாரா?

– அம்மா... அது அப்பா.

– போட்டி, பொய் சொல்லாத!

– அப்பாதாம்மா. அப்ப மீசையே இல்ல, எனக்கே மறந்து போச்சு. இருங்க, புதுநன்மை முடிஞ்சதும் வேற ஒண்ணு வருது. நம்ம பழைய எஸ்டேட் லயத்து வீடு. அப்பா மட்டும் கேமரா முன்னால உக்காந்து பேசுறாரு.

– சத்தத்தைக் கூட்டு.

– “மதலே, மூஞ்சியைப் பாத்துட்டுத் திட்டாத. நீ நல்லபடியாத் திரும்பி வர்ற வரைக்கும் மீசை வைக்க மாட்டேன்னு வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்து பொருத்தனை பண்ணியிருக்கேன். அப்புறம், டிஸ்க்கை மூடவான்னு மெஷின் கேக்குது. மூடிட்டா மேக்கொண்டு பதிய முடியாதாம். அதான் மூடல. மிச்ச இடம் உனக்கு. அங்க யாரு மெஷின்லயாச்சும் உன் மூஞ்சியைப் பதிஞ்சு அனுப்பு. டின்சி தேடுதா. நானுந்தான்.”

– அய்யோ, இந்த மனுசன...

– அம்மா, அப்ப நீங்க மீசையைப் பத்திச் சொன்னீங்களே, அன்னைக்கே அப்பாவுக்கு...

– என்ன, ஆத்தாளும் மகளும் லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு அழுதிட்டு இருக்கீக? டிஸ்க் கெடைச்சுதா மதலே?

– ஏங்க, நான் இதைப் பாக்கவே இல்லங்க. உங்ககிட்ட பொய் சொன்னேன்.

– அதுக்கென்ன, அன்னைக்கே தெரியும்.

– பிறகு ஏன் கேக்கல? நான் ஊருக்கு வந்து எறங்குறப்ப குமுளி பஸ் ஸ்டாண்டுல இதே மீசையோடதானே நின்னீங்க? பொருத்தனை என்னாச்சு?

– மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, நீ போனை வச்ச அன்னைக்கே வளக்க ஆரம்பிச்சிட்டேன். என் பொண்டாட்டி சொன்னது பொய்யாயிரக் கூடாதுல்லா.