குரல்கள் அடங்கிய அறையில் நாற்காலி நகர்த்தியவருக்கு

மின்காந்தச் சுருளை மலர்போல் ஏந்தி, மனம் மருண்டோர் மண்டையருகே மயிலிறகாய் நிறுத்திய மாண்புமிகு காந்தக்கா அவர்களே! அக்கருவி தட்டும் ஒலியில் மரங்கொத்திகள் எல்லாம் வேலையிழந்து வேறூர் சென்றதாக வதந்தி எழக் காரணமான வித்தகியே! பணி ஓய்வு பெறும் தங்களை வணங்குகிறோம்.

மனச்சிதைவு நோயால், இல்லாத குரல்கள் காதில் கேட்டு அல்லலுறுவோரின் மூளையைக் காந்தத் துடிப்பால் தட்டிக்கொடுத்து, கையோடு கணினிமுன் அமர்த்தி நினைவுக்கும் கவனத்திற்கும் பயிற்சி தருவது நம் பிரிவின் பணி. சிகிச்சையின்போது வீண்பேச்சு கூடாதென்பது விதி. "தலையை ஆட்டாதீங்க" என்ற ஒற்றை வாக்கியத்தைத் தாங்கள் சொன்ன தடவைகளை எண்ணினால் கடல்மணல் வெட்கப்படும்! நாளெல்லாம் மனித நெற்றிகளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றும், மாலையில் யாரிடமும் பேசாது பையை மாட்டி, ஆளில்லாத வீட்டுக்குத் தனியே படியிறங்கினீர்கள்.

நம்மிடம் சிகிச்சைக்கு வந்த தையல்காரரை எப்படி மறப்போம்! பல்லாண்டாய் அவரைத் திட்டித் தீர்த்த குரல்கள் சிகிச்சையில் மெல்ல அடங்கின. மருத்துவர் மகிழ்ந்தார், நாங்கள் கும்மாளமிடாத குறை. தையல்காரருக்கோ வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. ஊசி விழுந்தாலும் கேட்டது. விழுந்ததைச் சொல்லத்தான் ஆளில்லை. ஒருநாள் உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றார்.

"இனிமே வரல அக்கா. அதுங்க திட்டினாலும் என்கிட்டதான் பேசுச்சுங்க. இப்ப வீட்ல ஒரு ஈ காக்கா இல்ல."

தாங்கள் வாதாடவில்லை. ஆளுக்கொரு கணினி என்றிருந்த பயிற்சியை இருவருக்கு ஒன்றென மாற்ற மருத்துவரிடம் அனுமதி பெற்று, கடிகாரம் பழுதுபார்க்கும் இன்னொரு நோயாளியின் அருகே அவரது நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். அந்தச் சத்தத்தில் மூன்று தெரு விழித்துக்கொண்டது!

"ஒரே ஒரு நாள் உட்காந்து பாருங்க அண்ணே. பிடிக்கலன்னா நானே வந்து வழியனுப்புறேன்."

திரையில் தோன்றி மறைந்த படங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும்.

"முதல்ல குடை, அப்புறம் சாவி" என்றார் தையல்காரர்.

"சாவிதான்யா முதல்ல! இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா ஊசியில நூல் கோக்குறீரு?" என்றார் கடிகாரக்காரர்.

"கட்டியிருக்கிற கடிகாரமே ஓடல, எனக்குச் சொல்ல வந்துட்டாரு!"

மறுநாளும் தையல்காரர் வந்தார். சண்டை பாதியில் நின்றதல்லவா! சிகிச்சையை முழுதாக முடித்தார். குரல்கள் அறவே போய்விட்டதாகப் பொய் சொல்ல மாட்டோம். "நடுவுல வரத்தான் செய்யுதுங்க. இந்த ஆளு வாயை மூடினாத்தானே அதுங்க பேசும்!" என்கிறார்.

தாங்கள் ஓய்வுபெறும் செய்தி கேட்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அக்கா வீட்ல யாரு பேசுவா?"

சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற நம் பழைய கணக்கர்தான், "முதல் மாசம் யாரும் பேச மாட்டாங்க. குழாய்ல தண்ணி சொட்டினாக்கூட 'இதோ வரேன்'னு பதில் சொல்லுவோம்" என்றார். ஊரையே சிரிக்க வைக்கும் அவர் சொல்லியும் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆகவே, அன்புக்குரிய அக்கா! நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெறுக என்று வாழ்த்திவிட்டுக் கைகழுவ எங்களுக்கு மனமில்லை. திங்கட்கிழமை காலை தையல்காரரும் கடிகாரக்காரரும் தங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். அழைப்புமணியை யார் அழுத்துவதென்று இருவருக்கும் சண்டை மூளும். அது முடியும்வரை காத்திராமல் கதவைத் திறந்துவிடுங்கள்.

என்றும் தங்கள்,
காந்தச் சிகிச்சைப் பிரிவினர்