கறுப்புத் துணிக்குள் மாலக்கி

கதவைச் சாத்துங்கள். சவப்பெட்டிப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் அடுப்பருகே நகர்ந்துகொள்ளலாம்... அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. இது, பெட்டிக்குள் படுத்திருக்கிற நம் ஃபெஸ்டஸுடைய அப்பாவின் அத்தை, சபினா சொன்னது.

நவம்பர் மாதம், சாயங்காலம் நாலு மணி. சதுப்பு நிலத்தின் நடுவே ஒற்றைப் பாதை... முடிவில் ஒரே ஒரு குடிசை. குடியிருந்தவளை விரட்டிவிட்டு அதை இடிக்க நிலத்துக்குச் சொந்தக்கார இங்கிலீஷ் துரையும் ஆட்களும் வந்திருந்தார்கள். கூடவே போட்டோக்காரர் மாலக்கி. மலையும் குடிசையுமாகப் படம் பிடித்து லண்டனுக்கு விற்கிறவர். இடிப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு படம் வேண்டும்.

வீட்டுக்காரியை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். ஐரிஷ் மொழியில் கத்தினாள்.

"பையன் உள்ள இருக்கான்! காய்ச்சல்ல கெடக்கான்!"

துரைக்கும் ஆட்களுக்கும் ஐரிஷ் தெரியாது, மாலக்கிக்குத் தெரியும். "என்னய்யா சொல்றா?"

மாலக்கியின் தலை கேமராவின் கறுப்புத் துணிக்குள் இருந்தது. கண்ணாடியில் குடிசை தலைகீழாகத் தெரிந்தது... ஜன்னலில், தலைகீழாக, ஒரு சின்ன முகம். உண்மையைச் சொன்னால் தேடுவார்கள். வெளிச்சம் போய்விடும்.

"சபிக்கிறா துரை. வேறென்ன செய்வா?"

படம் எடுத்த பிறகாவது சொல்லியிருக்கலாம். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே? யோசித்துக்கொண்டிருக்கும்போதே இடிமரம்... தும்... தும்... கூரை உட்கார்ந்துவிட்டது. பாவி!

படத்தில் பையன் இருந்தான். மாலக்கி படம் பதிந்த அந்தக் கண்ணாடித் தகட்டைச் சலவைச் சோடாவில் கொதிக்கவைத்து, சுரண்டி, டப்ளின் வீட்டில் செடி வளர்க்கும் கண்ணாடி அறையின் கூரையில் பதித்துவிட்டார். வருஷங்கள் போயின. ஒரே மகள் வின்னிக்குக் காசநோய். வெயில் படட்டும் என்றார் டாக்டர். அந்த அறையிலேயே கட்டில் போட்டார்கள். பார்த்துக்கொள்ள வந்தவள்தான் சபினா.

ஒரு நாள் உடம்பு துடைக்கும்போது பார்த்தாள். வின்னியின் நெஞ்சில், வெயில் பட்ட தோலில், பழுப்பாக ஒரு மலை... குடிசை... ஜன்னல். பார்க்கிறவர்களுக்குத் தலைகீழ். குனிந்து பார்க்கும் வின்னிக்கு மட்டும் நேராகத் தெரியும்.

"அப்பா, கதவு தொறந்திருக்கு. ஒரு பையன் வா வான்னு கூப்பிடுறான்."

மாலக்கி கூரைக் கண்ணாடியை நொறுக்கினார். படம் அழியவில்லை. நனைந்த வைக்கோல் நாற்றம் அறையை நிறைத்தது. விடிவதற்குள் வின்னி போய்விட்டாள். குளிப்பாட்டியது சபினா. நெஞ்சில் இருந்த கதவு மூடியிருந்தது... ஜன்னலில் இரண்டு முகம்.

பெட்டி குழிக்குள் இறங்கியது. அப்போதுதான்... டக். டக். டக்.

மரத்தில் தட்டும் சத்தமில்லை. கண்ணாடியில் விரலால் தட்டும் சத்தம். மாலக்கிக்கும் சபினாவுக்கும் மட்டும் கேட்டது. அவருக்கு ஆங்கிலமே மறந்துபோயிற்று. மண்ணில் விழுந்து ஐரிஷில் கத்தினார்.

"என் பொண்ணு உள்ள இருக்கா! தட்டுறா! தொறங்க!"

பாதிரியாருக்குப் புரியவில்லை. அங்கே ஐரிஷ் தெரிந்த இன்னொருத்தி சபினாதான்.

"என்னம்மா சொல்றார்?"

மாலக்கி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குடிசைக்காரியின் முகத்தை அவர் அன்றைக்குப் பார்த்ததேயில்லை. துணிக்குள் அல்லவா இருந்தார்! இவள் யாரென்று இப்போதுதான் புரிந்தது.

"சபிக்கிறார், ஃபாதர். வேறென்ன செய்வார்? நீங்க மண்ணப் போடச் சொல்லுங்க."

தட்டும் சத்தம் நிற்கும்வரை சபினா குழியோரமே நின்றாள். ரொம்ப நேரம் நின்றாளாம்.