பதில் சொல்லாத இயந்திரத்துக்குப் பச்சை அடித்தது பற்றி

பெயர் வியோலெத்தா மொகானு. தகப்பனார் பெயர் நிக்கிஃபோர். வயது 38. பக்காவு நகரம், பிளம் மரத் தெரு, 4ஆம் பிளாக், இரண்டாம் வாசல், மூன்றாம் மாடி, 31ஆம் எண் வீட்டில் மகளுடன் வசிக்கிறேன். 2023 நவம்பர் 21ஆம் தேதி காலை 10.15 மணிக்கு, துணை ஆய்வாளர் ரலுக்கா திம்புஷ் அவர்கள் முன்பு, யாரும் அழைக்காமல் நானாக வந்து சொன்னதாவது:

நான் கடந்த ஒன்பது வருடங்களாக, பிற நிறுவனங்களின் கணினிகளைப் பராமரித்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து வருகிறேன். சர்வர்கள் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தன் நிலையை நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாக அனுப்பும். அந்த எண்கள் மாதக் கடைசியில் ரிப்போர்ட்டாக வாடிக்கையாளருக்குப் போகும். எந்த எண் எந்தக் கட்டத்தில், எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பதை டெம்ப்ளேட் என்ற அச்சு தீர்மானிக்கும். வாடிக்கையாளர் விருப்பத்துக்கு ஏற்றபடி அந்த டெம்ப்ளேட்டை மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை.

இவ்வழக்கில் கைதாகி உள்ளே இருக்கும் தீத்துஸ் சவோயானு, வயது 54, எங்கள் நிறுவனத்தின் சார்பில் ஒரு புற்றுநோய்ப் பரிசோதனை மையத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆறு மாதம் தொடர்ந்து ரிப்போர்ட்டில் சிவப்பு தெரிந்தும் அவர் அலட்சியமாக இருந்தார் என்பது அவர் மேல் உள்ள குற்றச்சாட்டு என்று அறிகிறேன். அந்தச் சிவப்பு அவர் கண்ணிலேயே பட்டதில்லை. அதை வைத்தவள் நான்.

இந்த வருடம் மார்ச் மாதம் 6ஆம் தேதி, எங்கள் மேலாளர் ஒக்தாவியான் பூரிச்சே என்னைத் தன் அறைக்கு அழைத்தார். மேற்படி மையத்தின் ரிப்போர்ட்டை மேசை மேல் விரித்து வைத்து, சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காப்பிக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டிருந்தார். தகவல் வராத இயந்திரங்களின் கட்டம் அதில் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"என்னம்மா இது, ரிப்போர்ட்டா, சாவு அறிவிப்பா? இங்க ஒரு சாம்பல், அங்க ஒரு சாம்பல். இயக்குநர் மூஞ்சியச் சுளிக்கிறார்."

"தகவல் வரலைன்னு அர்த்தம் சார்."

"பிரச்சினை இருக்குன்னும் தகவல் வரல இல்ல? அப்ப பச்சையப் போடு."

நான் சிரித்தேன். அதன் பிறகு என் இடத்துக்கு வந்து, எண் எதுவும் வராத நேரத்தை நூறு என்று எடுத்துக்கொண்டு பச்சையாகக் காட்டும்படி டெம்ப்ளேட்டின் விதியை மாற்றினேன். இருபது நிமிட வேலை. மேலும் அந்த மாதத்தில் அதிக எண் பெற்ற இயந்திரத்துக்குப் பக்கத்தில் தங்கக் கோப்பைப் படம் ஒன்று வர வேண்டும் என்று மையத்தின் இயக்குநர் ஆசைப்பட்டதாகப் பூரிச்சே சொன்னதால் அதையும் சேர்த்தேன்.

மே மாதம் 9ஆம் தேதி, மையத்தின் அடித்தளத்தில் வெந்நீர்க் குழாய் ஒழுகி, நோயாளிகளின் படங்களை நகல் எடுத்து வைக்கும் இயந்திரம் நனைந்து நின்றுபோனது. அதிலிருந்து அதன் பிறகு ஓர் எண்கூட வரவில்லை. மே மாத ரிப்போர்ட்டில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் 98, 97 என்று காட்ட, நின்றுபோன இயந்திரத்துக்கு 9ஆம் தேதிக்குப் பின் ஒவ்வொரு நாளும் நூறு என்று விழுந்து அதுவே முதலிடத்துக்கு வந்தது. ஜூன் முதல் நூற்றுக்கு நூறு. தங்கக் கோப்பையும் மாதா மாதம் அதற்கே போனது. நான் அதைப் பார்த்தேன். என்ன நடந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

ஜூன் 2ஆம் தேதியும் 19ஆம் தேதியும், நகல் எடுப்பது நின்றுவிட்டது, வேறு இயந்திரம் உடனே வேண்டும் என்று தீத்துஸ் அண்ணன் பூரிச்சேவுக்கு மெயில் எழுதினார். எனக்கும் பிரதி வந்தது. முதல் மெயிலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, ரிப்போர்ட் பச்சையாக இருக்கும்போது வாடிக்கையாளரைப் பயமுறுத்த வேண்டாம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதற்கடுத்த வாரம் நான் அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது தீத்துஸ் அண்ணன் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, பொணத்துக்குப் போய் கோப்பை குடுத்திருக்கீங்களே, உங்களுக்கே சிரிப்பு வரல? அங்க கீழ எறங்கிப் பாத்தா தண்ணியில நிக்குது அது."

"நான் சார்கிட்ட சொல்றேன் அண்ணே."

"நீ சொன்னா கேப்பாரு. உன் கையெழுத்துதான அந்தக் கலரு."

நான் சொல்லவில்லை. பூரிச்சேவிடம் எதையாவது சொன்னால் அந்த மாதம் முழுவதும் குத்திக் காட்டுவார். அதற்குச் சோம்பல்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். பயம் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் அது சோம்பல்தான்.

நவம்பர் 7ஆம் தேதி படங்களை வைத்திருந்த மையத்தின் முதன்மைச் சேமிப்பு இயந்திரம் பழுதானது. நகலைத் தேடியபோது மே 9ஆம் தேதியோடு அது நின்றிருந்தது. அதன் பிறகு எடுத்த 1,912 பெண்களின் மார்பகப் படங்கள் போய்விட்டன. மறுநாள் பூரிச்சே என்னையும் அங்கே அழைத்துச் சென்றார். தாழ்வாரத்தில் பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் எங்களை டாக்டர்கள் என்று நினைத்து வழிமறித்தார்.

"ஜூன்ல எடுத்த படம் இருந்தாத்தான இது வளந்துச்சா இல்லையான்னு தெரியும்? இப்ப எதோட வெச்சுப் பாப்பீங்க? என் ஞாபகத்தோடயா?"

நாங்கள் லிஃப்டில் ஏறினோம். கதவு மூடியதும் பூரிச்சே, "நல்லவேளை, கம்பெனி பேர் போட்ட சட்டையப் போட்டுட்டு வரல" என்றார். திரும்பி வரும்போதும் அவர் காரிலேயே உட்கார்ந்து வந்தேன்.

நவம்பர் 9ஆம் தேதி, தகவல் வராத கட்டம் இனிமேல் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று பூரிச்சே சொன்னார். இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்து, நூறு என்ற பழைய விதியையும் எடுத்துவிட்டுச் சந்தோஷமாக மாற்றினேன். 10ஆம் தேதி, ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் வரும் "உருவாக்கிய நாள்" என்ற வரி அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்றார். எடுத்தேன். அன்றே, மே முதல் அக்டோபர் வரைக்கும் உள்ள ஆறு ரிப்போர்ட்டுகளையும் கோப்புக்காக மறுபடி எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். இம்மாற்றங்களை மேலாளர் சொன்னபடி செய்தேன்.

இதில் ஒரு விஷயத்தைத் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ரிப்போர்ட் காகிதமாகச் சேர்த்து வைக்கப்படுவதில்லை. கேட்கும் ஒவ்வொரு தடவையும் அது பழைய எண்களை எடுத்து, இன்றைய விதிப்படி நிறம் பூசிக் கொடுக்கும். தலைப்பில் மட்டும் பழைய மாதத்தின் தேதி இருக்கும். நவம்பர் 10ஆம் தேதி எடுத்தாலும் மே 31 என்றுதான் இருக்கும். எப்போது எடுத்தது என்று காட்டிக் கொடுக்கும் ஒரே வரி அந்த அடி வரி. அன்று எனக்கு எதுவும் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். பாதி புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ளாமல் இருப்பது வசதியாக இருந்தது.

நவம்பர் 14ஆம் தேதி தீத்துஸ் அண்ணனைக் கைது செய்தார்கள். அன்று மதியம் பூரிச்சே எல்லாரையும் கூப்பிட்டு, பாலாடைக்கட்டி வைத்த அப்பத்தை மென்றுகொண்டே, "தீத்துஸ் நம்ம ஆளுதான், யாரு இல்லேன்னா? ஆனா மாசா மாசம் சிவப்பு தெரிஞ்சிருக்கு, என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார். தீத்துஸ் அண்ணன் எழுதிய மெயில்கள் எதுவும் கம்பெனியில் இல்லை என்றும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். நானும் அவரோடு சேர்ந்தவள் என்பதுபோல. நான் என் இடத்துக்குப் போய், அந்த இரண்டு மெயில்களும் என் மெயிலில் இன்னும் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு 17ஆம் தேதி அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, மேற்படி மையத்தின் பதிவு எழுத்தர் திருமதி அக்லாயா கிர்லானைப் போய்ப் பார்த்தேன். மெயிலில் வரும் எல்லாவற்றையும் அச்செடுத்து, பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, தடிமனான கோப்பில் கோப்பவர் அவர். எங்கள் அலுவலகத்தில் அவரைப் பற்றி எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறோம். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"முத்திரை குத்தாதது இந்தக் கட்டடத்துக்குள்ள காகிதமே இல்ல, பொண்ணே. போலீசு என்கிட்ட வந்து கேக்கல. கேக்காம நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

அவர் எடுத்துக் காட்டிய ஆறு ரிப்போர்ட்டுகளும் அந்தந்த மாதத்தின் பதிவு எண்ணும் முத்திரையும் கொண்டவை. நகல் இயந்திரத்தின் கட்டம் ஆறிலும் பச்சை. ஆறிலும் கோப்பைப் படம் இருக்கிறது. அவற்றின் நகல்களையும், என் மெயிலில் இருந்த தீத்துஸ் அண்ணனின் இரண்டு மெயில்களையும் பூரிச்சேவின் பதிலையும் அச்செடுத்து இத்துடன் ஒப்படைக்கிறேன். மூலங்களைத் தாங்கள் மையத்தில் நேரில் கைப்பற்றலாம். டெம்ப்ளேட்டை எந்தத் தேதியில் யார் மாற்றினார்கள் என்ற பதிவு எங்கள் சர்வரில் இருக்கிறது. எல்லா வரியிலும் என் பெயர்தான் இருக்கும். அது அழிவதற்குள் எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கோப்பில் உள்ள சிவப்பு ரிப்போர்ட்டுகள் ஆறும் நவம்பர் 10ஆம் தேதி மதியம் என் கையால் உண்டாக்கப்பட்டவை.

மேற்கண்டதைத் துணை ஆய்வாளர் தட்டச்சு செய்து எனக்குப் படித்துக் காட்டினார். இனி வருவது நானே கையால் எழுதிச் சேர்ப்பது. மாற்றங்களைப் பற்றிய இடத்தில் "மேலாளர் சொன்னபடி, விளைவு அறியாமல் செய்தேன்" என்று இருந்தது. விளைவு அறியாமல் என்று நான் சொல்லவில்லை என்றேன்.

"அது எல்லா சாட்சிக்கும் வழக்கமா போடறதுதான் மேடம். இருக்கட்டும். அந்த ரெண்டு வார்த்தைய எடுத்துட்டா அப்புறம் உங்கள சாட்சியா வெச்சுக்க முடியாது. வீட்ல பொண்ணு இருக்குன்னீங்க."

"அடிச்சிடுங்க."

அவர் அடிக்கவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளினார். நானே அந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்து, ஓரத்தில் கையொப்பம் இட்டேன். மீதம் உள்ள ஒவ்வொரு வரியும் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இன்றைய தேதியை என் கையால் எழுதியிருக்கிறேன்.

(ஒப்பம்) வியோலெத்தா மொகானு